புளி போட்டு மினுக்கிய கோதுகள்

றோஸ்மேரி பெரிய பொய்க்காரி அல்ல. பூசைக்குப் பிந்திப் போனால் காரை எடுக்கச் சுணங்கிவிட்டது என்பாள். புதுச்சேலையைக் காட்டி, இது எப்ப வாங்கினது என்று யாரும் கேட்டால், இது பழசு, பெட்டிக்குள் கிடந்தது என்பாள். வீட்டுக்கு வீடு எல்லாரும் சொல்லுகிற அளவுக்குத்தான் அவளும் சொல்லுவாள். பாவசங்கீர்த்தனத்துக்குக் கொண்டுபோனால் சாமியாருக்கே கொட்டாவி வந்துவிடும், அப்படிப்பட்ட பொய்கள். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் கராஜ் வாசலில் நின்று புருஷனிடம் ஒரு பொய் சொன்னபோது அவளுடைய நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ப் புட்டுக்கு மா குழைத்தாள்.

புருஷன் யேசுராசாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. குடியேறி வந்த வெள்ளைக்காரர் நாட்டில், எல்லர்ஸ்லி என்ற இடத்துப் பட்டறை ஒன்றில் அச்சுகளும் வெட்டுக்கருவிகளும் செய்கிறவர். தலைமயிரை எட்டாகக் கிழித்து ஒரு துண்டைக் கையில் கொடுத்தாலும் அதையும் மைக்ரோமீற்றரில் வைத்து அளந்து பார்க்கிற ஆள். இப்படிப்பட்ட மனுஷன் சும்மா இருக்காமல், நான்கு வருஷத்துக்கு முன்னர், கூட வேலை செய்கிற ஒரு வெள்ளைக்காரருக்குத் மான் சுடுகிற துவக்குக்குச் சாமான் ஒன்று செய்துகொடுக்கப் போய், அதிலேயே பைத்தியமாகி, துவக்குக் கிளப் ஒன்றில் சேர்ந்துவிட்டார்.

துவக்கு என்றதும் றோஸ்மேரி ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓடினது போதாதா? கடைசியில் லைசென்சுக்கு வீட்டுக்கு வந்த பொலிஸ்காரர், மனைவியைத் தனியாகத்தான் விசாரிக்கவேண்டும் என்று யேசுராசாவை வெளியே அனுப்பிவிட்டு, உங்கள் புருஷனுக்குக் கோபம் வருமா என்று கேட்டார். அந்த இடத்தில் அவள் நினைத்திருந்தால் எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். ஆனால் எறும்பைக் கண்டாலும் விலத்தி நடக்கிற மனுஷனைப் பற்றி வேறு என்னத்தைச் சொல்ல? உள்ளதைச் சொன்னாள். மானையும் முயலையும் சுடுவதில்லை, கடதாசி மட்டையை மட்டும்தான் சுடுவது என்று அவர் மாதா படத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்தபிறகு வீட்டில் சமாதானம் வந்தது.

சுட்டு முடிந்த பித்தளைக் கோதை எறியத் தேவையில்லை. திரும்ப வெடிமருந்து போட்டு, வாயில் ஒரு சன்னத்தை, அதுதான் குண்டை, இறுக்கினால் இன்னொரு தடவை சுடலாம். யேசுராசாவின் துவக்குக்குரிய கோது இங்கே இலேசில் கிடைக்காது. அதற்காக அவர் கவலைப்பட்டவரா? மற்றவர்கள் புல்லுக்குள் விட்டுப்போகிற பெரிய கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, அவற்றின் கழுத்தை நெரித்துத் தன்னுடைய அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார். அதில் ஒரு கரைச்சல். கழுத்தை நெரிக்கும்போது கோதின் தோள்பட்டையிலுள்ள தடித்த பித்தளை கழுத்தின் அடியில் வந்து சேர்ந்துவிடும். வெளியிலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளுக்குள் உழுந்து வடை மாதிரி வட்டமாக ஒரு தடிப்பு நிற்கும். கிளப்பில் இருக்கிறவர்கள் அதை டோனற் என்பார்கள். யேசுராசா வடை என்பார்.

அந்த வடையை எடுப்பதற்கென்று தானே ஒரு றீமர் செய்து வைத்திருந்தார். பென்சிலளவு நீளத்தில், பல்லு வைத்த எஃகுக் கம்பி. கோதைப் பிடியில் இறுக்கி, றீமரைக் கழுத்துக்குள் விட்டுக் கையால் மெல்ல மெல்லச் சுற்றினால் மஞ்சள் தூளாக வடை உதிரும். ஒரு கோதுக்கு ஐந்து நிமிஷம். எடுத்து முடித்ததை மைலோப் பேணிக்குள் போடுவார், எடுக்காதது பிஸ்கற் பேணிக்குள் கிடக்கும். பேணிதான் அடையாளம், வேறு குறி ஒன்றும் கிடையாது. இதையெல்லாம் அவர் றோஸ்மேரிக்கு நாலைந்து தரம் விளங்கப்படுத்தியிருக்கிறார். அவள் இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால் விட்டிருக்கிறாள்.

வியாழக்கிழமைதான் வினை வந்தது. அந்த மாதத் தமிழ்ப் பூசைக்குக் கோயிலின் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளை மினுக்குகிற முறை றோஸ்மேரியுடையது. ஒரு பெரிய உருண்டைப் புளியை ஊறவைத்து, உப்பும் போட்டு, தண்டுகளைத் தேய்த்து வெயிலில் வைத்தாள். அரைச் சட்டி புளி மிஞ்சிவிட்டது. நல்ல புளி, ஊற்ற மனம் வருமா? சுற்றிப் பார்த்தபோது கராஜுக்குள் இரண்டு பேணியிலும் கரி பிடித்த பித்தளை. ஐயோ பாவம், இந்த மனுஷன் இவ்வளவு நேரம் மினக்கெட்டுச் செய்கிறதெல்லாம் இப்படி அடுப்புக்கரி மாதிரிக் கிடக்கிறதே என்று அவளுக்கு உண்மையிலேயே மனம் இளகியது. இரண்டு பேணியையும் ஒரே சட்டிக்குள் கவிழ்த்தாள்.

இரண்டு மணித்தியாலம் இருந்து ஒவ்வொன்றாய்த் தேய்த்தாள். சுடுதண்ணீரில் அலசித் துவாயில் பரப்பிக் காயவிட்டாள். கழுவி எடுத்தபிறகு பார்த்தால், தட்டான் கடையில் வைக்கலாம் போல அவ்வளவு மினுக்கம். திரும்பப் பேணிகளில் போடும்போதுதான், எது எதற்குள் கிடந்தது என்ற யோசனை வந்தது. மைலோப் பேணி நிறைய இருந்தது, பிஸ்கற் பேணி அரைவாசி இருந்தது. அதே அளவாகவே போட்டு மூடினாள். எல்லாம் ஒரே கோதுதானே.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலையால் வந்து பேணியைத் திறந்த யேசுராசா, கோதைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். சின்னப்பிள்ளைக்கு நத்தார்ப் பரிசு கிடைத்த முகம். கிளப்பில் ஒருவரிடமும் இப்படிக் கோது இல்லை என்றார். பிறகுதான் முகம் கொஞ்சம் மாறியது. இரண்டு பேணியையும் கலக்கவில்லைத்தானே என்று கேட்டார்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அத்தோடு, கலந்துவிட்டேன் என்று சொன்னால் இனித் தொடங்கும் பாடத்தை யார் இருந்து கேட்பது?

"இல்லை, நான் ஒண்டையும் கலக்கேல்லை. ஒவ்வொரு பேணியாய்த்தான் கழுவினனான்."

கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள் பாருங்கள், அங்கேதான் பொய்க்கு ஒரு மெருகு வந்தது. யேசுராசா தலையை ஆட்டினார். மைலோப் பேணியிலிருந்து இருபது கோதை எடுத்து மருந்து போட்டுச் சன்னம் இறுக்கினார். அடுத்த நாள் காலை எட்டு மணிக்குத் தேத்தண்ணீர்ப் போத்தலையும் துவக்கையும் தன்னுடைய வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளப்புக்குப் போய்விட்டார்.

பத்து மணிக்கு மதன்குமார் வந்தான். கோயம்புத்தூர்ப் பெடியன், நகர மையத்தில் ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை. கிளப்பில் யேசுராசாவைக் கண்ட நாளிலிருந்து அண்ணன் அண்ணன் என்று திரிகிறவன். பிஸ்கற் பேணியிலிருக்கிற, வடை எடுக்காத கோதில் இருபதைக் கொண்டுபோய் நீயே எடுத்துப் பழகு என்று யேசுராசா அவனுக்குச் சொல்லியிருந்தாராம். அறைத்தோழன் ஒருவன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மத்தியானம் வருகிறேன் என்று போய்விட்டான்.

றோஸ்மேரி தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தபோது மதன்குமார் கராஜுக்குள் குந்தியிருந்தான். ஒரு சின்ன எஃகு ஊசியைக் கோதுகளின் கழுத்துக்குள் விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். சிலவற்றில் ஊசி தங்குதடையில்லாமல் உள்ளே போனது. சிலவற்றில் பாதியில் நின்றது.

"அக்கா, இதுல ஒண்ணுகூட வடை எடுக்கலைன்னுதானே அண்ணன் சொன்னாரு? பாதிக்கு மேல எடுத்திருக்கே. ரெண்டு டப்பாவும் கலந்துபோச்சா?"

கலந்தால் என்ன என்று அவள் சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். அவனும் சும்மாதான், தேத்தண்ணீரை ஊதிக்கொண்டே சொல்லத் தொடங்கினான். வடை இருக்கிற கோதில் சன்னம் அந்த வளையத்துக்குள் போய் இறுகிவிடும். மருந்து பற்றும்போது கழுத்து விரிந்து சன்னத்தை விடவேண்டும், ஆனால் அண்ணனுடைய துவக்கில் கோது போய் இருக்கிற அறை மிகவும் நெருக்கமாக வெட்டியது, விரிய இடமில்லை. அப்போது உள்ளே அழுத்தம் எகிறும். நல்ல துவக்கென்றால் தாங்கும். தாங்காவிட்டால் பின்பக்கத்தால் வெடித்துக்கொண்டு வரும். பின்பக்கத்தில் என்ன இருக்கிறது? சுடுகிறவனின் கண் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். கோப்பையைக் கீழே வைத்தான்.

வயிற்றில் புளியைக் கரைத்தது என்பார்களே, அது றோஸ்மேரிக்கு அன்றைக்குச் சும்மா சொல்லாக இருக்கவில்லை. கிளப்பில் போன் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. கையில் போனோடு ஆட்கள் திரிகிற காலமும் இன்னும் வரவில்லை. நீ கார் ஓட்டுவாயா என்றாள். பழகுகிறேன் அக்கா என்றான். தகனினியில் உள்ள வீட்டிலிருந்து டெயரி என்கிற மூலைக்கடைக்கும் கோயிலுக்கும் தவிர வேறெங்கும் காரைக் கொண்டுபோகாத றோஸ்மேரி, சட்டை மாற்றாமல், வீட்டுச் செருப்போடு, பழைய கொறொல்லாவில் ஏறினாள். மதன்குமார் ஓடிவந்து பக்கத்தில் இருந்து பெல்ற்றைப் போட்டு வழி சொன்னான்.

கிளப்புக்கு, பப்பகுராவைத் தாண்டிக் கிளீவ்டன் பக்கம் போகிற ரோட்டு. இரண்டு பக்கமும் குதிரைகளும் மாடுகளும், அவைபாட்டில் நின்று மேய்ந்தன. மெதுவாகப் போங்கள் அக்கா என்று மதன்குமார் இரண்டு தரம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டான். அவளுக்கு ரோட்டே தெரியவில்லை. ஹெலியிலிருந்தும் ஷெல்லிலிருந்தும் தப்பவைத்து, படகேற்றி, பிளேனேற்றி இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்த மனுஷனை ஒரு உருண்டைப் புளியால் கொல்லப் போகிறேனே என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. புளிகூட இல்லை. கேட்டபோது, ஓம், கலந்துபோச்சு என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷன் இருந்து திரும்ப எல்லாவற்றையும் ஊசி விட்டுப் பார்த்திருப்பார். ஒரு மணித்தியாலம் முறைத்திருப்பார். அவ்வளவுதானே. மடு மாதாவே, கண்ணையும் முகத்தையும் அப்படியே வைத்துத் தா, நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்று ஸ்ரியரிங்கைப் பிடித்தபடியே நேர்ந்தாள்.

மேட்டில் ஏறும்போது சத்தம் கேட்டது. படார். கொஞ்சம் விட்டு இன்னொன்று. வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போகிற றோஸ்மேரி, அன்றைக்கு ஒவ்வொரு சத்தத்துக்கும் மாதாவுக்கு நன்றி சொன்னாள். சுடுகிறார்கள் என்றால் ஒன்றும் நடக்கவில்லை. ஒருவருக்கு ஏதாவது நடந்திருந்தால் மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருப்பார்களா? சுடுங்கோ, நல்லாச் சுடுங்கோ என்று வாய்விட்டே சொன்னாள். மதன்குமார் கண்ணைத் திறந்து அவளை ஒருமாதிரிப் பார்த்தான்.

கேற்றுக்கு முன்னால் கார் திரும்பியபோது சத்தம் நின்றது.

அப்படியே நின்றுவிட்டது. ஊரில் எத்தனையோ நாள் இந்த அமைதி வரவேண்டும் என்று செபமாலை சொன்னவள், இப்போது அது வந்ததும் ஸ்ரியரிங்கிலேயே குனிந்துவிட்டாள். மதன்குமார்தான் கதவைத் திறந்து இறக்கினான். ஒரு செருப்பு காருக்குள் கிடந்தது. மற்றச் செருப்போடு புல்லுக்கு மேலால் ஓடினாள்.

கொட்டகையில் ஏழெட்டுப் பேர் நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மட்டை மாற்றுகிற நேரமாம், அதற்குத்தான் சூட்டை நிறுத்தியிருக்கிறார்கள். எல்லா முகத்தையும் பார்த்தாள். அவரில்லை. ஒருவர் பின்பக்கமாகக் கையைக் காட்டினார்.

யேசுராசா வானின் பின்கதவைத் திறந்துவைத்து அதில் இருந்தார். மடியில் துவாய், துவாயில் இன்னும் சுடாத தோட்டாக்கள் வரிசையாய். துவக்கு, பூட்டுத் திறந்தபடி, தள்ளி நின்றது. றோஸ்மேரி அவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். இரண்டு கண், இரண்டு காது, ஒரு மூக்கு. கையைத் தூக்கி விரல்களையும் ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தாள். பத்தும் இருந்தன. அந்த ஆறுதலில் வானின் பம்பரிலேயே இருந்துவிட்டாள். மாதாவே, மாதாவே என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள். சிரிப்பும் வந்தது, மூக்கும் ஓடியது, இரண்டையும் சட்டைக் கையால் துடைத்தாள்.

ஏன் வந்தாய், பிள்ளைக்கு ஏதுமா என்றுகூட யேசுராசா கேட்கவில்லை. அதை அவள் பிறகுதான் கவனித்தாள். அவர் துவாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வெடி நல்லாய்ப் போனதாம். எட்டாவதை அறைக்குள் விட்டுப் பூட்டைத் தள்ளினால் மூடவில்லை. பக்கத்திலிருந்தவர், கையால் ஒரு அடி போட்டால் மூடும் என்றாராம். யேசுராசா அடிக்கவில்லை. வெளியே எடுத்து, மைக்ரோமீற்றரால் கழுத்தை அளந்தார். பருத்திருந்தது. மிச்சத்தையும் அளந்தார். பதின்மூன்றில் ஐந்து அப்படி.

"றோஸ், நான் இனி அந்த வேலைக்குச் சரிவரமாட்டன்," என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை. அவர் ஒரு தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். குரல் அடங்கிப்போய் இருந்தது.

"அஞ்சு கோது. வடையை எடுத்தனான் எண்டு நினைச்சு மைலோப் பேணிக்குள்ள போட்டிருக்கிறன். எடுக்கவே இல்லை. நீர் கலக்கேல்லை எண்டு சொன்னனீர், அப்ப பிழை விட்டது நான்தானே. கை செய்யாததைச் செய்ததெண்டு மூளை சொல்லுது. பட்டறையில இப்பிடி ஒண்டு செய்தால் ஆரின்ரையோ கை போகும். திங்கக்கிழமை போய் மானேஜரிட்டச் சொல்லப்போறன், இனி எனக்கு லேத் வேண்டாம், கூட்டுற தும்புத்தடியைத் தாங்கோ எண்டு."

அரைமணித்தியாலமாக இதைத்தான் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். கொட்டகைக்குப் போய் ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் பழகிய தன் கையைச் சந்தேகப்பட்டவருக்கு, பெண்சாதி சொன்ன ஒரு சொல்லைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

இப்போது றோஸ்மேரி வாயை மூடிக்கொண்டிருந்தாலும் ஒரு ஆபத்தும் இல்லை என்பதுதான் விசேஷம். மனுஷன் உயிரோடு இருக்கிறார், கண் இருக்கிறது, மிச்சத் தோட்டாக்கள் துவாயில் கிடக்கின்றன. மதன்குமார் நல்ல பெடியன், அவர்கள் கதைக்கட்டும் என்று அந்தப் பக்கம் போய் மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், சொல்லாதே என்றால் சொல்லமாட்டான். மாதாவுக்கு நேர்ந்ததையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம். இவ்வளவும் ஒரு நொடியில் அவளுடைய தலைக்குள்ளால் போனது. போகவில்லையென்று சொன்னால் அதுவும் பொய்தான்.

"நான் கலந்தனான்," என்றாள். "வியாழக்கிழமை ரெண்டு பேணியையும் ஒரே சட்டிக்குள்ள கொட்டித்தான் கழுவினனான். திருப்பிப் போடேக்க எது எதெண்டு தெரியேல்லை. கேக்கேக்க பொய் சொன்னனான். உங்களில ஒரு பிழையும் இல்லை. நீங்கள் ஒண்டும் மறக்கேல்லை."

யேசுராசா தலையை நிமிர்த்தினார். அவளைப் பார்த்தார், தோட்டாவைப் பார்த்தார், பிறகு தன் வலது கையை விரித்துப் பார்த்தார். இதோ வரப்போகிறது என்று அவள் கண்ணைப் பொத்திக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் கேட்காத ஏச்சை இன்றைக்கு இந்த வெள்ளைக்காரருக்கு முன்னால் கேட்கப்போகிறோம், கேட்கத்தான் வேண்டும் என்று நினைத்தாள்.

"அப்ப நான் எல்லாத்தையும் எடுத்துத்தான் போட்டனான்," என்றார்.

"ஓம். எல்லாத்தையும் எடுத்துத்தான் போட்டனீங்கள்."

"ஒண்டும் விடேல்லை?"

"ஒண்டும் விடேல்லை."

அவருடைய தோள்கள் இரண்டும் கீழே இறங்கின. நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, கொட்டகையில் நின்றவர்கள் கோப்பையோடு திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்தக் கையைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்றார். போத்தலைத் திறந்து ஆறிப்போன தேத்தண்ணீரை மூடியில் ஊற்றி ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு மூடி ஊற்றி அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. அவளுக்கு இது பிடிபடவில்லை. கண்ணையும் காதையும் பறித்திருக்கக்கூடிய ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறாள், இந்த மனுஷன் தேத்தண்ணீர் தருகிறார்.

"ஏசமாட்டீங்களோ?" என்று கேட்டாள்.

"ஏசுவன். ஏசாமல் விடுவனோ?" என்றார் யேசுராசா. "வீட்டை போய் ஆறுதலா இருந்து ஏசுறன். இப்ப கொஞ்ச நேரம் என்னைச் சந்தோஷமா இருக்க விடும்."